ஊர் நம்பரை என்ன செய்வது? வெளிநாட்டில் நெடுநாள் இருப்பவர்களுக்கு நான்கு வழிகள்

ஒரு நாள் காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால், என்னை வெளியே தள்ளியிருந்தது. ஏதோ அப்டேட் கோளாறு என்று நினைத்துக்கொண்டு பல் துலக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அக்காவிடமிருந்து அழைப்பு.

"டேய், நம்ம குரூப்ல உன் பேர்ல ஒரு கைக்குழந்தை போட்டோ வந்திருக்கு. யார்றா அது?"

எனக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. என் பழைய நம்பருக்கு அக்காவையே போன் போடச் சொன்னேன். ஒரு பெண் எடுத்தாராம். புது சிம் வாங்கி இரண்டு நாள்தான் ஆகிறதாம். "ஏதேதோ பேங்க்ல இருந்து மெசேஜ் வந்துக்கிட்டே இருக்குங்க, நான் என்னங்க பண்றது?" என்று அவர்தான் அக்காவிடம் குறைபட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. பதினோரு வருடம் என் பெயரில் இருந்த எண்ணுக்கு நான்தான் ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருந்தேன். சிம் எந்தப் பையில் கிடக்கிறது என்றுகூட அப்போது நினைவில்லை. வேலிடிட்டி முடிந்து, சலுகை நாட்களும் முடிந்து, நிறுவனம் எண்ணைத் திரும்ப எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டது.

வாட்ஸ்அப் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வங்கிதான் பெரும்பாடு. நம்பரை மாற்ற நெட்பேங்கிங்கில் நுழைய வேண்டும். நுழைய ஓடிபி வேண்டும். ஓடிபி போவது பழைய நம்பருக்கு. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பெட்டியைப் பூட்டின மாதிரி. வாடிக்கையாளர் சேவையில் பேசிய பையன் மிக மரியாதையாக, "நேர்ல கிளைக்கு வந்துடுங்க சார்" என்றான். நேரில் என்றால் விமானம் ஏறி. கடைசியில் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, தபாலில் அனுப்பி, கையெழுத்து பொருந்தவில்லை என்று அது ஒருமுறை திரும்பி வந்து, மறுபடி அனுப்பி, ஐந்து மாதம் ஓடியது.

இது என் ஒருவனின் அஜாக்கிரதை மட்டும் என்று நினைத்திருந்தேன். 2021இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். அமெரிக்காவின் இரண்டு பெரிய தொலைபேசி நிறுவனங்கள் புது வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கத் தயாராக வைத்திருந்த எண்களில் 259ஐ எடுத்துப் பார்த்தார்கள். 171 எண்களில் பிரபல இணையதளங்களின் கணக்கு ஏதாவதொன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கைவிடப்பட்ட எண்ணைக் குறைந்தது 45 நாட்களாவது சும்மா வைத்திருக்க வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். ஆனால் பொதுவாக இது நாட்கணக்கும் மாதக்கணக்கும்தான். வருடக்கணக்கில் வெளியே இருக்கும் நமக்கு அது கண் மூடித் திறக்கும் நேரம்.

அப்புறம் விடுமுறையில் ஊருக்குப் போனபோது புது சிம் ஒன்று வாங்கி, வங்கியில் நேரில் உட்கார்ந்து பதிந்துகொண்டேன். அதை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதில் இதுவரை மூன்று விதமாகச் செய்து பார்த்துவிட்டேன். நாலாவதை நண்பர் ஒருவர் செய்தார். பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அக்காவிடம் விட்டு வைப்பது

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். வீட்டு மேசை டிராயரில் ஒரு பழைய போன், அதில் நம் சிம், அவ்வப்போது சார்ஜ் போட ஒருவர். செலவு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். சிம் தன் சொந்த நெட்வொர்க்கிலேயே இருப்பதால் எஸ்எம்எஸ் வராமல் போகும் பேச்சே கிடையாது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் நான்கு வழிகளிலும் இதுதான் கெட்டி.

ஆனால் ஓடிபி மூன்று நிமிடத்தில் செத்துப்போகும். நான் வேலை முடித்து இரவு கணக்குப் பார்க்க உட்காரும் நேரம் அங்கே விடிகாலை மூன்று மணி.

"அக்கா, தூங்கிட்டியா?"

"இல்ல, வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு இருக்கேன். சொல்லு."

"ஒரு ஓடிபி வரும்..."

"இரு, கண்ணாடி எங்க வச்சேன்... நாலு, ஏழு, ரெண்டு... ஐயோ, ஸ்கிரீன் அணைஞ்சிடுச்சுடா."

இரண்டு வருடம் இப்படித்தான் ஓடியது. ஒருநாள் அவள் படித்தது முந்தைய நாள் வந்த ஓடிபி. மூன்று முறை தப்பாகப் போட்டு என் கணக்கு ஒரு நாள் முழுக்கப் பூட்டிக்கொண்டது. இதைவிட எனக்குச் சங்கடமாக இருந்தது வேறு. ஓடிபி மட்டுமா வருகிறது? நான் எடுத்தது, போட்டது, மீதி எவ்வளவு என்று எல்லாமே அந்தப் போனில் வந்து விழும். "போன வாரம் அவ்ளோ பெரிய தொகை எடுத்திருக்கியே, ஒண்ணும் பிரச்சனை இல்லியே?" என்று அக்கா அக்கறையாகத்தான் கேட்டாள். அந்தக் கேள்விக்கு நாற்பது வயதில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்பது எல்லா வங்கியும் ஒவ்வொரு செய்தியிலும் எழுதும் வரி. கணக்கில் ஏதாவது மோசடி நடந்து புகார் கொடுக்கப் போனால், 'ஓடிபி இரண்டு வருடமாக வேறொருவர் கையில் இருந்தது' என்பதையே அவர்கள் நம் மேல் திருப்புவார்கள்.

அக்காவைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று, எஸ்எம்எஸ்ஸை மின்னஞ்சலுக்கு அனுப்பும் ஆப் ஒன்றை அந்த ஆண்ட்ராய்டு போனில் போட்டுப் பார்த்தேன். முதல் மாதம் அற்புதம். பிறகு பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போனே அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிடும். நம் செய்தியெல்லாம் படிக்கும் அனுமதியை முன்பின் தெரியாத யாரோ எழுதிய ஆப்புக்குக் கொடுத்திருக்கிறோம் என்ற உறுத்தலும் இருந்தது. முடிவைப் பேட்டரிதான் எடுத்தது. எப்போதும் சார்ஜரிலேயே கிடந்ததால் பேட்டரி ஊதி, போனின் பின்மூடி அப்பளம்போல் வளைந்து எழும்பியிருந்தது. அக்கா அதைப் படம் எடுத்து அனுப்பி, "இது வெடிக்குமாடா?" என்று கேட்டாள். அன்றோடு அந்த ஏற்பாடு முடிந்தது. பழைய போனை வருடக்கணக்கில் சார்ஜரில் விட்டு வைத்திருப்பவர்கள் இன்று ஒருமுறை வீட்டுக்குப் போன் செய்து பின்மூடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிம்மைக் கூடவே கொண்டுவந்து ரோமிங்கில் வைப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடைசியில் நான் நின்ற இடம் இதுதான் என்பதும், இதில்தான் குழி அதிகம் என்பதும் காரணம்.

ஊர் சிம்மோடு வெளிநாட்டில் போனை ஆன் செய்தால், இங்கிருக்கும் டவர் நம் சொந்த நிறுவனத்தைக் கேட்கிறது: இவர் உங்கள் ஆளா? ஆமாம் என்று பதில் வந்தால், நாம் எந்த நாட்டில் எந்த நெட்வொர்க்கில் இருக்கிறோம் என்பதை அந்த நிறுவனம் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு வரும் எஸ்எம்எஸ் அந்த வழியே தேடிக்கொண்டு வருகிறது. இதற்கு இரண்டு நிறுவனங்களுக்கும் ரோமிங் ஒப்பந்தம் இருக்க வேண்டும், நம் கணக்கில் ரோமிங் திறந்திருக்க வேண்டும். பல நிறுவனங்களில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு கிடையாது. ஓடிபிக்கு அது போதும்.

காசு போவது வேறு வழிகளில். டேட்டா ரோமிங்கை அணைக்க மறந்தால் போன் தானாகவே ஏதாவது இழுத்துக்கொண்டிருக்கும். இது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேருக்குத் தெரியாதது வாய்ஸ்மெயில். ரோமிங்கில் இருக்கும்போது வரும் அழைப்பை நாம் எடுக்காவிட்டால், அது இங்கே வந்து, மறுபடி ஊரிலிருக்கும் வாய்ஸ்மெயிலுக்கே திரும்பிப் போகும். சில நிறுவனங்களில் வந்ததற்கு ஒரு கட்டணம், போனதற்கு ஒரு கட்டணம். நாம் போனைத் தொடவே இல்லை. ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே வாய்ஸ்மெயிலையும் கால் ஃபார்வர்டிங்கையும் முழுதாக ரத்து செய்துவிட வேண்டும்.

அடுத்த குழி, நெட்வொர்க்குகள் மாறிக்கொண்டிருப்பது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் 2022 பிப்ரவரியில் 3ஜியை மூடியது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் 3ஜி நின்றது. அவசர அழைப்பை 4ஜி வழியாகச் செய்ய முடியாத போன்களை அங்கே நெட்வொர்க்கிலேயே அனுமதிப்பதில்லை. அதாவது, ஊர் சிம்முக்கென்று வைத்திருக்கும் அந்தப் பழைய போன் இனி உதவாமல் போகலாம். போன் புதிதாக இருந்தாலும், 4ஜி வழி அழைப்புக்கான ரோமிங் ஒப்பந்தம் இரண்டு நிறுவனங்களுக்கும் இல்லையென்றால் சிக்னல் கட்டை நிறையக் காட்டும், அழைப்பு மட்டும் வராது. வங்கி எஸ்எம்எஸ் அனுப்பாமல், போன் செய்து எண்ணைச் சொல்லும் வகை என்றால் திண்டாட்டம்தான்.

வைஃபை காலிங் இருந்தால் பாதித் தலைவலி தீரும். வீட்டு வைஃபை வழியாகச் சிம் நேராகச் சொந்த நெட்வொர்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்; இங்கிருக்கும் டவரே தேவையில்லை. ஆனால் எல்லா நிறுவனங்களும் வெளிநாட்டு இணைய இணைப்பிலிருந்து இதை அனுமதிப்பதில்லை. கிளம்பும் முன் சிம்மில் வைஃபை காலிங்கை இயக்கி வைத்துவிட்டு வருவது நல்லது. இங்கே வந்து இயக்கப் பார்த்தால் சிலருக்கு நடப்பதில்லை.

அப்புறம் ரீசார்ஜ் வட்டம். நிறுவனத்தின் ஆப் வெளிநாட்டு கார்டை ஏற்காது. ஊர் கார்டைப் போட்டால் ஓடிபி கேட்கும். ஓடிபி வர சிம் உயிரோடு இருக்க வேண்டும். சிம் உயிரோடு இருக்க ரீசார்ஜ் வேண்டும். வேலிடிட்டி முடிந்த மறுநாள் இந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால், திரும்பவும் அக்காதான் காப்பாற்ற வேண்டும். இப்போதெல்லாம் முடிவதற்கு இருபது நாள் முன்பே போட்டுவிடுகிறேன்.

ஒன்றை மறக்கக்கூடாது: ரோமிங் பயணிகளுக்காக உண்டானது, குடியிருப்பவர்களுக்காக இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல் ரோமிங்குக்குத் தனிக் கட்டணமே கிடையாது. அங்கேகூட, நான்கு மாதக் கணக்கை எடுத்துப் பார்த்து, ஒருவர் சொந்த நாட்டைவிட வெளியேதான் அதிகம் இருக்கிறார், வெளியேதான் அதிகம் பயன்படுத்துகிறார் என்றால் நிறுவனம் விளக்கம் கேட்கலாம், கூடுதல் கட்டணமும் போடலாம். மற்ற இடங்களில் என்ன செய்வார்கள் என்பதை நம் ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில்தான் தேட வேண்டும். எஸ்எம்எஸ் மட்டும் வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் இருப்பவரை பொதுவாக யாரும் கண்டுகொள்வதில்லை என்பது என் அனுபவம்.

எந்த எண்ணை இசிம்மில் போடுவது?

ஒரு போனில் இரண்டு எண் என்பது, அட்டையாகச் செருகாமல் போனுக்குள்ளேயே இறக்கிக்கொள்ளும் இசிம் வந்த பிறகு சுலபமாகிவிட்டது. செல்போன் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ இதற்கான விதிமுறையை 2016இல் கொண்டுவந்தது. ஐபோனில் 2018இல் வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களில் பலரும் செய்வது, ஊர் எண்ணை இசிம்மாக மாற்றிப் போனுக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, உள்ளூர் சிம்மை ஸ்லாட்டில் போடுவது. தொலையாது, கழன்று விழாது என்பது அவர்கள் கணக்கு.

நான் இதற்கு நேர்மாறாகச் சொல்வேன். போன் உடைந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பிளாஸ்டிக் சிம் என்றால் ஊசியால் குத்தி எடுத்து, யாராவது ஒருவருடைய போனில் செருகி ஓடிபி வாங்கிவிடலாம். அரை நிமிட வேலை. இசிம் என்றால் புதிதாகக் கேட்க வேண்டும். கேட்டால், உறுதிசெய்ய அதே எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனங்கள் இருக்கின்றன. தங்கள் நாட்டு எல்லைக்குள் இருந்தால்தான் இசிம் இறங்கும் என்று வைத்திருப்பவையும் உண்டு. உள்ளூர் எண்ணுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் அன்றே கிடைத்துவிடும். ஆகவே, எளிதில் திரும்பக் கிடைக்கும் எண் இசிம்மில், கிடைக்காத எண் பிளாஸ்டிக்கில். 2022இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் சிம் தட்டே கிடையாது. அந்தப் போன் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியில்லை. அவர்கள் பழைய போனை விற்பதற்கு முன், புதுப் போனில் ஊர் எண்ணுக்கு எஸ்எம்எஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டு விற்கட்டும்.

ரோமிங்கில் இருக்கும் சிம்முக்கு இன்னொரு ஆபத்து உண்டு, அதை நான் தாமதமாகத்தான் யோசித்தேன். யாரோ ஒருவர் நம் பெயரில் கடைக்குப் போய், சிம் தொலைந்துவிட்டது என்று சொல்லி மாற்று சிம் வாங்கிவிட்டால், நம் சிம் செத்துவிடும். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் எக்ஸ் கணக்கே 2024 ஜனவரியில் இப்படித்தான் களவு போனது. ஊரில் இருப்பவருக்குச் சிக்னல் போனால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். நமக்கு? "ரோமிங்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று வாரக்கணக்கில் விட்டுவிடுவோம். ஊர் சிம்மில் சிக்னல் இல்லையென்றால் அன்றைக்கே வேறொருவரை அந்த எண்ணுக்கு அடிக்கச் சொல்லிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

இணைய எண்ணாக மாற்றுவது

இது என் நண்பர் போன வழி. செல்போன் எண்ணை இணைய வழி அழைப்பு நிறுவனம் ஒன்றுக்குப் போர்ட் செய்துவிட்டால், அதாவது எண் மாறாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிவிட்டால், சிம்மே வேண்டாம். உலகத்தில் எங்கிருந்தாலும் ஆப்பில் செய்தி வந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எல்லா நாட்டு விதிகளும் இப்படிப் போர்ட் செய்ய விடுவதில்லை என்பது முதல் தடை. இரண்டாவது, ஓர் எண் செல்போன் எண்ணா இணைய எண்ணா என்று பல வங்கிகள் சோதித்துப் பார்க்கின்றன; இணைய எண் என்றால் நிராகரிக்கின்றன. குறுகிய எண்களிலிருந்து வரும் வங்கிச் செய்திகள் இப்படிப்பட்ட எண்களுக்கு வந்து சேராமல் போவதும் சகஜம். நண்பருக்குப் போர்ட் செய்து ஆறு வாரம் எல்லாம் நன்றாக வந்தது. பிறகு ஒரு வங்கி மட்டும் நின்றது. காரணம் யாரும் சொல்லவில்லை.

இந்தச் சேவைகளே நிரந்தரமில்லை. 2003இல் தொடங்கிய ஸ்கைப், ஒரு காலத்தில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பெரிய போக்கிடம், 2025 மே 5ஆம் தேதி மூடப்பட்டது. அதில் எண் வாங்கி வைத்திருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. வயதான அப்பா அம்மா உள்ளூர் அழைப்பு மாதிரி நம்மைக் கூப்பிடுவதற்கு இணைய எண் நல்ல வசதி. வங்கியை அதில் தொங்கவிட வேண்டாம்.

ஊர் நம்பரே வேண்டாம் என்று விட்டுவிடுவது

பத்து வருடம் தாண்டியவர்களுக்கு வரும் ஆசை இது. இங்கிருக்கும் எண்ணையே எல்லா இடத்திலும் கொடுத்துவிடலாம். வாழ்க்கை இங்கே, எண்ணும் இங்கே.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இ.164 விதிப்படி, நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து ஒரு தொலைபேசி எண் 15 இலக்கம் வரை போகலாம். ஆனால் ஊர்ப் படிவங்களில் அந்த நாட்டு எண்ணுக்கு எத்தனை இலக்கமோ அத்தனைக் கட்டம்தான் இருக்கும். கூட்டல் குறி போட்டால் சிவப்பு எழுத்தில் 'சரியான எண்ணை உள்ளிடவும்' என்று வரும். அதையும் தாண்டி வெளிநாட்டு எண்ணை ஏற்கும் இடங்களில், எஸ்எம்எஸ் எல்லை தாண்டி வருவதற்குள் எங்கோ வடிகட்டப்பட்டுவிடும். சிங்கப்பூரில் 2023 ஜனவரி இறுதியிலிருந்து, அனுப்புபவரின் பெயர் அங்கே பதிவு செய்யப்படாதிருந்தால் செய்தியின் தலைப்பிலேயே 'மோசடியாக இருக்கலாம்' என்ற முத்திரையோடு வருகிறது. மோசடியைத் தடுக்க நல்ல ஏற்பாடு. நம் ஊர் வங்கி அங்கே பதிவு செய்து வைத்திருக்குமா என்பதுதான் கேள்வி. இந்த நாட்டு எண்ணும் நிரந்தரமா என்ன? நாளைக்கு வேலை இன்னொரு நாட்டில் கிடைத்தால் இதே கதை முதலிலிருந்து.

எண்ணையே நம்பாத முறைகள் வளர்ந்துகொண்டிருப்பது உண்மை. முப்பது விநாடிக்கொருமுறை எண்ணை மாற்றிக் காட்டும் ஆப்களின் அடிப்படை விதிமுறை, ஆர்எஃப்சி 6238, 2011இலேயே வந்துவிட்டது. இணையமோ சிம்மோ இல்லாமல், நேரத்தையும் ஒரு ரகசியச் சாவியையும் வைத்தே அந்த எண்ணைப் போன் கணக்கிடுகிறது. விமானத்தில் உட்கார்ந்திருந்தாலும் வேலை செய்யும். எஸ்எம்எஸ்ஸைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்த வேண்டிய வகை என்று அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே தன் வழிகாட்டியில் எழுதிவிட்டது. டிஜிட்டல் டோக்கன் (எஸ்எம்எஸ் இல்லாமல் போனிலேயே உறுதிசெய்யும் வசதி) வைத்திருப்பவர்களுக்கு வங்கிக் கணக்கில் நுழைய ஓடிபி கேட்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாகச் சிங்கப்பூர் 2024 ஜூலையில் அறிவித்தது.

அப்படியானால் எண்ணைத் தூக்கி எறிந்துவிடலாமா? இன்னும் இல்லை. வங்கியின் ஆப் நன்றாகத்தான் ஓடும், போன் மாறும் நாள் வரை. புதுப் போனில் ஆப்பைப் போட்டால், அது முதலில் கேட்பது பதிவான எண்ணுக்கு வந்த ஓடிபியை. சில ஆப்கள் அந்தச் சிம் அதே போனில் செருகியிருக்கிறதா என்றுகூடப் பார்க்கின்றன. இதற்கு நடுவே, ஊர் வங்கியின் ஆப் இங்கத்திய ஆப் ஸ்டோரில் கிடைக்காது. நாட்டை மாற்றலாம் என்று போனால், ஆப்பிள் கணக்கில் மீதிப் பணத்தைத் தீர், சந்தாக்களை ரத்து செய் என்று வரிசையாகச் சொல்லும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் இதில் கழித்திருக்கிறேன்.

சரி, எதை எடுப்பது?

இரண்டு மூன்று வருடத்தில் திரும்பிவிடுவேன் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் அதிகம் யோசிக்க வேண்டாம். பிளாஸ்டிக் சிம், ரோமிங், தவறாத ரீசார்ஜ். அதோடு விடுங்கள். வீட்டில் விட்டுவைப்பது, ரோமிங் ஒப்பந்தமே இல்லாத நாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும். அப்போதும் ஒரு விடுமுறையிலிருந்து அடுத்த விடுமுறை வரைக்கான தற்காலிக ஏற்பாடாக இருக்கட்டும்.

எப்போது திரும்புவோம் என்று தெரியாதவர்களுக்கு, அதாவது நம்மில் பெரும்பாலானோருக்கு, என் யோசனை இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்வது. சிம் நம் கையிலேயே ரோமிங்கில் இருக்கட்டும். அந்த எண்ணை நம்பியிருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். எண்ணைக் கைவிடும் நாள் வரும்போது அதில் ஒன்றும் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. நான் செய்த தவறு எண்ணைக் கைவிட்டது அல்ல, எது எதெல்லாம் அதில் தொங்குகிறது என்று தெரியாமல் கைவிட்டது.

எது எதெல்லாம் என்று தெரிந்துகொள்ள எஸ்எம்எஸ் பெட்டியைவிட நல்ல கணக்குப் புத்தகம் கிடையாது. இரண்டு வருடத்துச் செய்திகளைப் பின்னோக்கி உருட்டி, அனுப்பியவர் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். வங்கி, வரி, காப்பீடு, ஓய்வூதியக் கணக்கு, மின்வாரியம், மறந்தே போயிருந்த ஒரு ரயில் டிக்கெட் கணக்கு என்று 31 வந்தது.

கழற்றியதில் முதலாவது மின்னஞ்சல். வங்கியை முதலில் பார்க்கத்தான் கை போகும். ஆனால் மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் வழி மின்னஞ்சல் வழியாகத்தான் போகிறது. அதன் மீட்பு எண்ணாக ஊர் நம்பர் இருந்தால், புதிதாக அந்த எண்ணை வாங்கியவர் கையில் எல்லாமே போய்விடும். ஆப் வழிக் குறியீட்டுக்கு மாற்றினேன். கூகுள் கொடுக்கும் பத்து மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்து, பாஸ்போர்ட் உறைக்குள் மடித்து வைத்தேன். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒரு முறைதான் செல்லும்.

வாட்ஸ்அப்பில் எண்ணை மாற்றும் வசதி உள்ளேயே இருக்கிறது. பழைய எண் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். குரூப்புகள் அப்படியே கூட வரும். எண்ணை வைத்துக்கொள்வதென்றால் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க பின் ஒன்றைப் போட்டு வையுங்கள். நான் போட்டிருந்தால் அந்தக் கைக்குழந்தை எங்கள் குரூப்புக்குள் அவ்வளவு சுலபமாக வந்திருக்காது. வாட்ஸ்அப் 120 நாள் தொடாமல் இருந்தால் கணக்கையே அழித்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஊர் எண்ணில் இன்னொரு வாட்ஸ்அப் வைத்திருப்பவர்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

வங்கிக்கும் ஓய்வூதியத்துக்கும் ஊருக்குப் போகும்போது நேரில்தான் போனேன். விடுமுறையின் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். கடைசி வாரத்தில் போனால், எண் மாற்றம் அமலாக ஏழு வேலை நாள் என்பார்கள், நாம் விமானத்தில் இருப்போம்.

31 இப்போது நாலாகக் குறைந்திருக்கிறது. மூன்றை அடுத்த விடுமுறையில் முடித்துவிடலாம். நாலாவது ஒரு காப்பீட்டு நிறுவனம். அதன் படிவத்தில் நாட்டுக் குறியீடு போட இடமில்லை, மின்னஞ்சலுக்கு ஓடிபி அனுப்ப வழியில்லை, கிளையில் கேட்டால் "சிஸ்டம் எடுக்கலைங்க" என்கிறார்கள். பாலிசி முதிர இன்னும் ஆறு வருடம். அதுவரைக்கும் அந்த ஒரு படிவத்துக்காக ரீசார்ஜ் செய்துகொண்டுதான் இருக்க வேண்டும். நினைவூட்டல் என் போனில் ஒன்று, அக்கா போனில் ஒன்று. அவளுடையதுதான் முதலில் அடிக்கிறது.